இடுப்பு முறிந்த கதையும் வலி தணிந்த வரலாறும்

(பி.ஏ. வரலாறு, 1973–76 அணியின் பழைய மாணவர் ஒருவர்)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "நீங்க ஹிஸ்டரி ஆளாச்சே, பென்னிகுயிக், பெரியாறு அணைன்னு ஏதாவது எழுதுங்களேன்" என்றார். 1895-ல் மலையைக் குடைந்து தண்ணீர் வந்த கதையை நம் மலரில் எழுதாதவர் யார் பாக்கி? ஆகவே இந்த முறை வேறொரு வரலாறு எழுதலாமென்று உட்கார்ந்தேன். வலியின் வரலாறு. அதிலும் குறிப்பாக, இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சையின் வலி. சரித்திரம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று விலங்கியல் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். 2022 நவம்பரில் என் வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு அங்கே செயற்கை மூட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தகுதி போதாதா?

ஆனால் கதை என்னிடமிருந்து தொடங்கவில்லை. என் தாயாரிடமிருந்து தொடங்குகிறது.

1987 கார்த்திகை மாதம். அடை மழை. கம்பத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பாசியில் வழுக்கி அம்மா விழுந்துவிட்டார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. எழுந்திருக்க முடியவில்லை. வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. வாடகைக்கு ஒரு அம்பாசிடர் கார் பிடித்து, பின் சீட்டில் படுக்க வைத்து மதுரைக்குக் கிளம்பினோம். இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி: அப்போது தேனி என்று ஒரு மாவட்டமே கிடையாது. மதுரையிலிருந்து பிரித்தது 1996-ல். க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வந்தது 2004-ல். 108 வண்டி தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்தது 2008-ல். எலும்பு முறிந்தால் மதுரைதான். கம்பத்திலிருந்து தேனி 40 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் 75. ஆண்டிபட்டிக் கணவாயில் கார் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு வலி ஊசி போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது, உள்ளே ஆஸ்டின் மூர் என்ற உலோகப் பந்து வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். ஒப்புதல் தாளை என்னிடம் நீட்டினார்கள். அந்த நேரம் பார்த்து என் தாய்மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மாப்ளே. இந்த வயசுல அறுத்தா அந்த வலிய அக்கா தாங்குமா? கட்டுப் போட்டுப் பாப்போம்." நானும் பட்டதாரி ஆசிரியர். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டுப் போடுகிறவர் வந்தார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாட்டுக் கட்டை நான் குறை சொல்ல வரவில்லை. கை, முழங்கால் முறிவுக்குக் கட்டு வைத்து நிமிர்ந்து நடந்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் தொடை எலும்பின் கழுத்து அப்படிப்பட்ட இடமல்ல. முறிந்தால் பெரும்பாலும் அங்கே ரத்த ஓட்டம் அறுந்துபோகும், எந்தக் கட்டுக்கும் அது கூடுவது அரிது. இது எனக்குத் தெரிய முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

நான்கு மாதம் அம்மா படுக்கையில் கிடந்தார். புரட்டிப் படுக்க வைக்கிற ஒவ்வொரு தடவையும் அலறுவார். ராத்திரியில் "யய்யா, முடியலைய்யா" என்ற முனகல் தெருவரை கேட்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பொறுத்துக்கம்மா, சரியாயிரும்" என்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வலி மருந்து அந்தச் சொல்தான். படுக்கைப் புண் வந்து, பிறகு நுரையீரலில் சளி கட்டி, 1988 பங்குனியில் போய்ச் சேர்ந்தார்.

அறுவை செய்தால் வலி தாங்கமாட்டார் என்று பயந்து நாங்கள் அவருக்குக் கொடுத்தது நான்கு மாத வலி. இதை எழுதத்தான் இந்த மலரில் இடம் கேட்டேன்.

சரி, எங்கள் பயம் வெறும் பட்டிக்காட்டுப் பயம்தானா? சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1846-க்கு முன்னால் உலகத்தில் பெரும்பாலும் அறுவை என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, மருத்துவர் கண்மூடித் திறப்பதற்குள் அறுத்து முடிப்பதுதான். இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1845-ல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற கம்பெனி டாக்டர், நோயாளிகளைக் கையசைத்து ஒருவித உறக்கத்தில் ஆழ்த்தி, வலி தெரியாமல் அறுவை செய்வதாகப் பெயர் வாங்கினார். அடுத்த வருஷமே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1846 அக்டோபர் 16 அன்று, மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதரை முகர வைத்து ஒரு நோயாளியைத் தூங்க வைத்துக் காட்டினார். எஸ்டெய்லின் வித்தை அத்தோடு மங்கிப்போயிற்று. 1847-ல் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபாரத்தைக் கொண்டுவந்தார்.

குளோரோஃபாரம் ஆளைக் கொல்லுமா கொல்லாதா என்ற பெரிய வழக்கு நடந்தது எங்கே தெரியுமோ? நம் ஹைதராபாத்தில். நிஜாமின் பணத்தில் 1888-லும் 1889-லும் இரண்டு விசாரணைக் குழுக்கள் உட்கார்ந்து ஆராய்ந்தன. முன்னின்று நடத்திய எட்வர்ட் லாரி, குளோரோஃபாரம் இதயத்தை நேரடியாகத் தாக்காது என்று அடித்துச் சொன்னார். அது தவறு என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அந்த ஹைதராபாத்தில்தான் ரூபாபாய் ஃபர்துன்ஜி என்ற பார்சிப் பெண்மணி குளோரோஃபாரம் கொடுப்பதில் தேர்ந்து விளங்கினார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் நிஜாமின் வைரங்கள் வந்த அளவுக்கு இந்த அம்மையார் வரவில்லை.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகுத்தண்டில் ஊசி போடுகிறார்களே, அதன் பிறப்பு ஒரு வேடிக்கை. 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற மருத்துவர் அதை ஆரம்பித்தார். அவரும் உதவியாளர் ஹில்டபிராண்டும் ஒருவர் மீது ஒருவர் சோதனை செய்தார்கள். உதவியாளருக்கு ஊசி போட்டு, அவர் முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தும், எரிகிற சுருட்டை வைத்தும் பார்த்தாராம் பியர். வலிக்கவில்லை! இருவரும் அன்று இரவு மது அருந்திக் கொண்டாடினார்கள். அதன்பின் தலைவலி அவர்களைப் போட்டு வாட்டியது, பியர் ஒன்பது நாள் படுத்துவிட்டார். முதுகு ஊசிக்குப் பிறகு சிலருக்கு வரும் தலைவலிக்கு முதல் ஆதாரம் இதுதான். இப்போது ஊசி தலைமுடி போல மெலிந்துவிட்டதால் அந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது.

மூட்டின் கதையும் சுவையானதுதான். 1891 வாக்கில் பெர்லினில் குளுக் என்பவர் யானைத் தந்தத்தில் மூட்டுப் பந்து செய்து பார்த்தார். நம்மவர்கள் ஒரு காலத்தில் கப்பலேறிப் போன பர்மாவிலும் இதே தந்தம் வருகிறது. 1960-ல் மாண்டலேயில் டாக்டர் சான் பா, இடுப்பு முறிந்த 83 வயது பௌத்த பிக்குணி ஒருவருக்குத் தந்தத்தாலான பந்தை வைத்தார். பிறகு இருநூறு முந்நூறு பேருக்கு அப்படிச் செய்தார். அவர்கள் குத்தவைத்து உட்கார்ந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். மேகமலை யானைகளுக்கு இந்தச் செய்தி எட்டாமல் இருப்பது நல்லது. பாரிஸில் ஜூடே சகோதரர்கள் 1946-ல் பிளாஸ்டிக் போன்ற அக்ரிலிக்கில் செய்தார்கள். அது சிலருக்கு நடக்கும்போது கீச் கீச்சென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் பொறுக்காமல் ஒருவருடைய மனைவி அறையை விட்டே எழுந்து போய்விடுவாராம்! அந்தக் கீச்சு ஏன் வருகிறது என்று யோசித்த ஜான் சார்ன்லி என்ற ஆங்கில மருத்துவர்தான், 1962 நவம்பரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில், உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட மூட்டை வைத்தார். இன்று உலகெங்கும் வைக்கிற மூட்டுகளுக்கு அதுவே மூதாதை.

ஆக, 1900-க்குள் மேசை மேல் வலி தெரியாமல் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1962-ல் நல்ல மூட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் மயக்கம் தெளிந்து படுக்கைக்கு வந்த பிறகு வருகிற வலி? அதைப் பற்றி மட்டும் இன்னும் ரொம்ப காலத்துக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்பதே பதில். ராத்திரி நோயாளி கத்தினால் ஒரு ஃபோர்ட்வின் ஊசி, கத்தாவிட்டால் அதுவும் இல்லை. என் மாமன் பயந்தது இந்த இரண்டாவது வலிக்குத்தான். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்த இடத்தில் நம் ஊர் கதைக்குள் வருகிறது. கம்பம் என்று சொன்னாலே வெளியூர்க்காரன் ஒரு மாதிரி கண்ணைச் சிமிட்டிச் சிரிப்பான். மதுரையில் பி.எட். படித்தபோது எனக்கு வைத்த பட்டப்பெயரை இந்த மலரில் எழுத முடியாது. கஞ்சாவால் வந்த வினை. அந்தச் செடியை மேல்நாட்டு மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தவரும் கல்கத்தாவில் இருந்த ஒரு கம்பெனி டாக்டர்தான். 1839-ல் ஓஷானஸி என்பவர் வாதவலிக்கும் இசிவுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இதே மனிதர்தான் பின்னாளில் இந்தியாவுக்குத் தந்தி போட்டவர்! அபினும் அப்படியே. 1800-களின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்ற ஜெர்மன் மருந்தாளர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். கடுமையான வலிக்கு இன்றுவரை அளவுகோல் அதுதான். கங்கைக் கரையில் காஜிப்பூரில் 1820-லிருந்து அபின் தொழிற்சாலை இருக்கிறது. மருந்துக்கான அபினை அரசு அனுமதியோடு பயிர் செய்கிற நாடு நம்முடையது.

1985 நவம்பர் 14 அன்று போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் மலைகளில் கஞ்சாத் தோட்டங்களைத் தேடி அழிக்க அது கை கொடுத்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பழக்கத்தால் கெட்ட பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் மலையேறிய அதே சட்டம் மருத்துவமனை அலமாரிக்கும் பூட்டுப் போட்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமானால் நாலைந்து அனுமதிச் சீட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தில், ஒவ்வொரு தேதி வரை. கணக்கில் பிசகு வந்தால் பத்தாண்டுச் சிறை என்ற பயம். எதற்கு வம்பு என்று மருத்துவமனைகள் வாங்குவதையே விட்டன. நாட்டில் மார்ஃபின் பயன்பாடு அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் படுபாதாளத்துக்குப் போயிற்று. அபின் விளைகிற நாட்டில் நோயாளிக்கு அது இல்லை. இதை எதிர்த்து எழுந்த குரல் நமக்கு ரொம்ப பக்கத்தில், குமுளி மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் கேட்டது. கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993-ல் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம் பல வருஷம் போராடியது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, பல சீட்டுக்குப் பதில் ஒரே அனுமதி என்று ஆயிற்று.

அம்மாவுக்கு நல்ல மருந்து கிடைக்காததற்குச் சட்டம்தான் காரணம் என்று பழிபோட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. நாங்கள் கேட்கவே இல்லையே.

1990-களில் டென்மார்க்கில் ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை மருத்துவர் வேறு வழியில் யோசித்தார். ஒரே பலமான மருந்தை நிறையக் கொடுப்பதற்குப் பதிலாக, வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்தால் என்ன? நரம்பை மரக்க வைப்பது ஒன்று, வீக்கத்தைக் குறைப்பது ஒன்று, மூளைக்குப் போகும் செய்தியை அடக்குவது ஒன்று. வலி அடங்கினால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம், நடந்தால் நுரையீரலில் சளி கட்டாது, காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் குறையும். 2008-ல் சிட்னியைச் சேர்ந்த கெர், கோஹன் என்ற இருவர், மூட்டைத் தைத்து மூடுவதற்கு முன்பே சுற்றியுள்ள தசையில் மரப்பு மருந்தைத் தாராளமாக ஏற்றிவிடும் முறையை எழுதினார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது என் இடுப்பு தேய்ந்த பிறகுதான். மூன்று வருஷம் நொண்டினேன். மெடிக்கல் கடையில் "வலி மாத்திரை" என்று கேட்டு வாங்கி, தினம் ஒன்று போட்டுக்கொண்டு சமாளித்தேன். ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற நம் ஜனங்கள் எத்தனை பேர் இதே மாத்திரையில் மலையேறுகிறார்களோ! கடைசியில் என் மகள்தான், "பாட்டிக்குச் செஞ்ச மாதிரி உங்களுக்கும் செய்யவாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். மறுவாரம் தேனியில் ரயில் ஏறினேன். அகலப் பாதையாகி 2022 மே மாதம் திரும்பி வந்த அதே மதுரை ரயில். ஆண்டிபட்டிக் கணவாயை வலியில்லாமல் தாண்டினேன்.

அறுவைக்கு முந்தின நாள் மயக்க மருத்துவர் வந்து உட்கார்ந்தார். என் மகள் வயசுதான் இருக்கும். முக்கால் மணி நேரம் விசாரணை. என்னென்ன மாத்திரை, எத்தனை வருஷம், தூக்கம் எப்படி, மலம் எப்படி. நான் கடையில் வாங்கித் தின்ற மாத்திரையைச் சொன்னதும் முகம் மாறிற்று. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் எந்த மருந்து எனக்கு ஆகும், எது ஆகாது என்று முடிவு செய்தார். "வலி வந்த பிறகு துரத்த முடியாதுங்க ஐயா, வர்றதுக்கு முன்னாடியே மறிக்கணும்" என்றார். நம் வாய்க்கால் பாசனம் மாதிரிதான் போலிருக்கிறது.

மறுநாள் முதுகில் ஊசி. எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் சூடாகி, பிறகு யாரோ ஒருத்தருடைய கால் ஆகிவிட்டன. அரைத்தூக்கத்தில் தச்சுப் பட்டறை போலச் சுத்தியல் சத்தம் கேட்டது. "எங்கேயோ கட்டில் செய்றாங்க" என்று நினைத்துக்கொண்டேன். செய்தது எனக்குத்தான்.

அன்று இரவு ஊசியின் மரப்பு விலக ஆரம்பித்தது. நர்ஸ் வந்து, "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். முப்பது வருஷம் மார்க் போட்டவனிடம் மார்க் கேட்கிறார்கள்! உண்மையில் ஏழு இருக்கும். ஆனால் பாருங்கள், வாயில் வந்தது "மூணு". ஆம்பிளை என்ற வீறாப்போ, அம்மா தாங்கிய வலிக்கு முன்னால் இது என்ன என்ற எண்ணமோ. விடிகிறவரை தூங்கவில்லை. காலையில் வந்த மருத்துவர் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "ஐயா, மூணுன்னு சொன்னா மூணுக்குத்தான் மருந்து. நீங்க பொய் சொன்னா நாங்க எப்படிக் கணக்குப் போடுறது?" என்று கடிந்துகொண்டார். மருந்தைக் கூட்டினார். ஒரு மணி நேரத்தில் நிஜமாகவே மூன்றுக்கு வந்தது. அன்று மத்தியானம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி நடந்தேன். பன்னிரண்டாவது அடியில் அழுதுவிட்டேன். வலியால் அல்ல. பிசியோதெரபித் தம்பி பயந்துபோய் நாற்காலியை இழுத்தார்.

வலி அறவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மூன்றாம் நாள் தொடை வீங்கிக் கனத்தது. ஐஸ் பை வைத்தார்கள். மாத்திரையை வலித்தால் போடுவது என்றில்லாமல், மணி பார்த்துப் போட வேண்டும். பலமான மாத்திரையால் மலச்சிக்கல் வந்து அது தனி அவஸ்தை. இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துப் படுத்தால்தான் மூட்டு நழுவாது. ஆறாவது வாரம் வெறும் பாரசிட்டமால், மூன்றாவது மாதம் அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று ஏறினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ ஓடி வரச் சொன்னார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

போன வருஷம் கூடலூரில் என் பழைய மாணவன் ஒருவனுடைய தாயார் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். "சார், அறுத்தா வலி தாங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று போன் செய்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் என் கையைப் பிடித்த அதே வார்த்தை. உடனே 108-ஐக் கூப்பிடு, வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே வலிக்கு மருந்து கேள், 2012-லிருந்து இருக்கிற முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துக்கொள், மயக்க மருத்துவரிடம் அம்மாவையே பேச விடு என்றேன். மூன்றாம் நாள் அந்த அம்மாள் எழுந்து நின்ற படத்தை அனுப்பினான்.

கடைசியாக விழாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். சந்திப்பு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பழையபடி விடுதி வராந்தாவில் தரையில் பந்தி போடப் போவதாகக் கேள்வி. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் என்னால் சம்மணம் போட முடியாது. ஓரமாக ஒரு மேசையும், கொஞ்சம் உயரமான நாற்காலியும் போட்டு வையுங்கள். விசாரித்ததில் எங்கள் 73–76 அணியில் இன்னும் இரண்டு பேருக்கு வேண்டுமாம். மூன்றாகவே போட்டுவிடுங்கள்.